முப்பது டன் தாங்கிய இரும்பு

குழந்தைவேலின் ஜீப்பை மலையிலிருந்து இறக்கி, மலையாளப்பட்டி அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் போட்டிருந்தார்கள். மேல்கூரை நசுங்கி, முன் கண்ணாடி போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது வண்டி. எது தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்லத்தான் வீரமணியை அரியலூரிலிருந்து வரச் சொல்லியிருந்தார் குழந்தைவேல்.

வீரமணி கூரையைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய்க் குனிந்தான்.

ஜீப்பின் பாரம் முழுவதும் வளைந்த எஃகுப் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டையின் நுனியை வண்டியின் சட்டத்தோடு கோத்துத் தொங்கவிடுவது ஒரு ஜோடித் தகடு. பட்டறைக்காரர்கள் அதைச் சாக்கிள் என்பார்கள். கம்பெனியில் வருகிற சாக்கிள் நாலு விரல் நீளம். அதைக் கழற்றிவிட்டு ஏழு விரல் நீளத்தில் மாட்டினால் வண்டி உயர்ந்துவிடும். பாறையில் அடிவயிறு இடிக்காது. மலைப்பாதையில் ஆள் ஏற்றுகிறவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமையானால் கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளங்களில் ஜீப்பை ஏற்றி இறக்கிப் படம் எடுத்துப் போடுகிற பெரம்பலூர்ப் பையன்களுக்கும் அப்படி ஒன்று வேண்டியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தால் நாளாகும். வீரமணி கல்லங்குறிச்சி சாலையில் இருந்த தன் பட்டறையிலேயே செய்து கொடுத்தான். பதினோரு வண்டிகளுக்குச் செய்திருந்தான். அதில் ஒன்று இது.

வலது பின் சாக்கிளின் ஒரு தகடு கிழிந்து வளைந்திருந்தது. இன்னொன்று இரண்டாக ஒடிந்திருந்தது. ஒடிந்த தகட்டின் மேல் பாதி இன்னும் போல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதை விரலால் திருப்பி உடைந்த முகத்தைப் பார்த்தான்.

இரும்பு எப்போது உடைந்தது என்பதை அதன் முகமே சொல்லிவிடும். விழுந்த வேகத்தில் உடைந்ததென்றால் முகம் முழுக்க ஒரே மாதிரி, புதுசாக இருக்க வேண்டும். இதில் பாதிதான் கற்கண்டை உடைத்த மாதிரி மினுங்கியது. மறுபாதி காப்பித்தூள் நிறத்தில் துருவேறியிருந்தது. அந்தப் பாதி பல மாதங்களுக்கு முன்பே விட்டுப்போயிருக்கிறது. மழையும் புழுதியும் உள்ளே போய் வந்திருக்கின்றன. துருவின் ஓரத்தைப் பின்தொடர்ந்து போனான். அது தகட்டின் மேல்முகத்தில் குத்தியிருந்த 'வீ' என்ற எழுத்தின் வாலில் போய் நின்றது.

அந்த எழுத்து அவன் முத்திரை. கம்பெனிச் சாமானில் பெயர் இருக்கிறதே, நம்முடையதில் ஏன் இருக்கக் கூடாது என்று ஒரு பழைய உளியை ராவி அச்சு செய்து வைத்திருந்தான். இரும்பு செக்கச்செவேலென்று இருக்கும்போதே அச்சை வைத்து ஒரே அடி. எழுத்து ஆழமாகப் பதியும்.

குழந்தைவேல் மரத்தின் அந்தப் பக்கம் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வீரமணி ஸ்பேனரை எடுத்தான். இரண்டு துண்டுகளையும் கழற்றி, கைதுடைக்கும் பனியன் துணியில் சுற்றி, பைக்கின் பக்கப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். அவர் பேசி முடித்து வந்தபோது கூரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி எப்புடி இருக்கு?" என்று கேட்டார் குழந்தைவேல்.

"சாக்கிள் போயிருக்கு. உருண்டதுல அடிபட்டு ஒடஞ்சிருக்கு" என்றான் வீரமணி.

அவர் தலையாட்டினார். அவருக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. டிரைவர் பூவரசன்மேல்தான் அவருக்குக் கோபம். நாலாவது வளைவில் இறங்கும்போது பயல் எங்கேயோ பார்த்திருக்கிறான், ஆறு வருடமாக ஓட்டுகிற பாதையில் இப்படிச் செய்வானா, போலீசில் அவன்மேல் வழக்கு எழுதிவிட்டார்கள், லைசென்ஸ் போனால் போகட்டும் என்றெல்லாம் பொரிந்து தள்ளினார். வண்டியில் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பூவரசனுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மேல் ஊர்களுக்குத் தடுப்பூசி போடப் போய்விட்டு இறங்கிய நர்ஸ் மலர்க்கொடிக்குத் தோள்பட்டை எலும்பு. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

"அந்த நர்சம்மா வேற, வண்டி சாயிறதுக்கு முன்னாடியே டங்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லிக்கிட்டு இருக்குது. அதுவே தலைகுப்புற வுழுந்த பொம்பள. அதுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?" என்றார் குழந்தைவேல்.

வீரமணி கூரையின் நசுங்கலை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து வண்டி ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்றும், அதுவரை ஜீப்பைத் தொடக் கூடாது என்று போலீசில் சொல்லியிருப்பதாகவும் கிளம்பும் நேரத்தில்தான் அவர் சொன்னார். அப்போதாவது பெட்டியைத் திறந்திருக்கலாம். வீரமணி பைக்கை உதைத்தான்.

பெரம்பலூர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அரசு மருத்துவமனை வாசல் வந்தபோது கடந்து போகவும் முடியவில்லை. வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, பெட்டி பூட்டியிருக்கிறதா என்று இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

எலும்பு முறிவு வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் காலில் எடை கட்டிப் படுத்திருந்தான் பூவரசன். முப்பது வயதிருக்கும். மழித்து இரண்டு நாளான முகம், உதடெல்லாம் வெடிப்பு. பக்கத்தில் ஸ்டூலில் அவன் மனைவி ஆர்த்தி. வீரமணியைப் பார்த்ததும் ஆர்த்தி எழுந்து ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள். அவன் உட்காருவதற்குள் பூவரசன் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே."

வீரமணிக்குப் புரியவில்லை.

"பின்னாடி ஒருத்தரு கெழங்கு மூட்டை ஏத்தியிருந்தாரு. அது சரியிறாப்புல இருந்துச்சு. ஒரு நிமிசம் திரும்பிப் பாத்துட்டேன். அதான். வேற ஒண்ணும் இல்ல. நல்ல சாமானாப் போட்டுக் குடுத்தீங்க, வண்டி தேரு மாதிரி ஏறும். நான் கெடுத்துட்டேன்."

ஆர்த்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவன் வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்வதாகவும், போலீஸ்காரரிடமும் தானாகவே இதைத்தான் சொன்னதாகவும், நர்சம்மா ஆளனுப்பி அப்படி இல்லை என்று சொல்லியும் கேட்பதில்லை என்றும் அவள் மெல்லிய குரலில் சொன்னாள். நர்சம்மாவும் இதே மருத்துவமனையில்தான் மாடியில் பெண்கள் வார்டில் இருந்தாராம்.

வீரமணி தன் மணிக்கட்டைப் பார்த்தான். பூவரசனின் பிடி சூடாக இருந்தது.

"பரவால்ல விடுப்பா. நடந்தது நடந்து போச்சு. நீ ஒடம்பப் பாரு" என்றான்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போதுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. பெட்டிக்குள் அந்தத் துண்டு கிடக்கிறது. உள்ளே ஒருவன் அதற்காக மன்னிப்புக் கேட்கிறான். நாம் பெரிய மனுஷனாட்டம் மன்னித்துவிட்டு வந்திருக்கிறோம். அரியலூர் வரும்வரை பாதையில் எதைப் பார்த்தான் என்று அவனுக்கு நினைவில்லை. சிமெண்ட் டிப்பர்கள் வரிசையாக எதிரே வந்ததும், ஒவ்வொன்றின் பின் பட்டையையும் கண் தானாகப் போய்ப் பார்த்ததும் மட்டும்தான் நினைவிருந்தது.

அந்த டிப்பர்களிலிருந்துதான் அவன் இரும்பு வந்தது. கல் ஏற்றி ஏற்றி ஓய்ந்த பட்டைகள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடக்கும். வட்டாரத்தில் அரிவாள் அடிக்கிறவர்கள் அந்தப் பட்டையைத்தான் தேடி வாங்குவார்கள். அதைவிட நல்ல எஃகு கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். வீரமணியும் அதையே வாங்கி, காஸ் வைத்து வெட்டி, சிவக்கக் காய்ச்சித் துளை போட்டான். முப்பது டன் தாங்குன இரும்பு, உங்க ஜீப்பைத் தாங்காதா என்று வருகிறவர்களிடம் கேட்பான்.

காய்ச்சிய எஃகை மறுபடி கெட்டியாக்கத் தோய்ச்சல் போட வேண்டும். அரிவாளுக்குப் போடுகிற அதே தோய்ச்சல்தான். தணலிலிருந்து எடுத்துத் தண்ணீரில் ஒரு முக்கு. ஆனால் அரிவாளுக்கு வெட்டுவாய் கூர் நின்றால் போதும். குதித்துக் குதித்துப் போகிற வண்டியின் சாக்கிளுக்கு வளைந்து கொடுக்கவும் தெரிய வேண்டும். அதற்குத் தண்ணீரில் முக்கியதை மறுபடி இளஞ்சூட்டில் வைத்து, சாம்பலுக்குள் புதைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். இது வீரமணிக்குத் தெரியாததல்ல. இளவயதில் ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையொன்றில் காண்ட்ராக்ட் வெல்டராக நாலு வருடம் இருந்தவன். அங்கே இருந்த இன்ஜினியர் ஒருவர், தோய்ச்ச இரும்பை அப்படியே விட்டால் அது கண்ணாடி என்று சொல்லி, ஒரு துண்டைச் சுத்தியலால் தட்டி இரண்டாக்கியும் காட்டியிருக்கிறார்.

முதல் இரண்டு வண்டிகளுக்கு அப்படித்தான் செய்தான். ஒரு நாள் முழுக்கச் சாம்பலில் கிடந்தன தகடுகள். மூன்றாவதாக வந்தவருக்கு அவசரம். சாம்பலில் போடாமல் தண்ணீரோடு நிறுத்திக் கொடுத்தான். அவர் தகட்டைக் கையில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். மணி மாதிரி கணீரென்றது. பக்கத்தில் சாம்பலில் ஆறிய பழைய தகடு ஒன்று கிடந்தது. அதையும் தட்டினார். மொத்தையாக ஒரு சத்தம். இதுதான்யா இரும்பு என்று கணீரென்றதைக் காட்டிச் சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் தட்டிப் பார்த்தே வாங்கினார்கள். வீரமணி அதற்குப் பிறகு சாம்பலைத் தொடவில்லை. தட்டிக் காட்ட ஒரு சின்னச் சுத்தியலையும் வாசலிலேயே தொங்கவிட்டிருந்தான்.

பூவரசனுக்கும் அந்தச் சுத்தியலால்தான் தட்டிக் காட்டினான். பூவரசன் சிரித்துக்கொண்டே, இதைக் கோயிலில் கட்டிவிடலாம் போல என்றது நினைவிருந்தது.

மறுநாள் காலை திருச்சிக்குப் போய், ஆலையில் பார்த்திருந்த சோதனை டப்பாக்கள் இரண்டு வாங்கி வந்தான். ஒன்றில் சிவப்புத் திரவம். இரும்பின் மேல் அடித்துப் பத்து நிமிடம் விட்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் உள்ளே இறங்கிவிடும். துடைத்துவிட்டு இன்னொரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடி அடித்தால், இறங்கிய சிவப்பு விரிசல் வழியே மேலே ஊறி வந்து கோடு காட்டும்.

பத்து வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் போன் போட்டான். என்ன சொல்வது என்று முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. முதல் ஆள் போனை எடுத்ததும் வாய் தானாகவே ஒன்றைச் சொல்லிவிட்டது: புது டிசைன் வந்திருக்கிறது, பழசைக் கொண்டு வந்தால் கம்பெனி சாக்கிள் மாட்டி அனுப்புகிறேன், புதுசு தயாரானதும் கூப்பிடுகிறேன், செலவு என்னுடையது. அந்த ஆள் நம்பவே முடியாமல் இருமுறை கேட்டார். அடுத்தடுத்த ஒன்பது பேருக்கும் அதையே சொன்னான். ஒவ்வொரு முறையும் இன்னும் சரளமாக வந்தது.

அவன் மனைவி சத்யப்பிரியாவுக்கு இதில் ஒரே பெருமை. வாசலில் மூன்று ஜீப் நிற்பதைப் படம் எடுத்து, 'வாடிக்கையாளர் நலனே முதல்' என்று எழுதித் தன் போனில் ஸ்டேட்டஸ் போட்டாள். சொந்தக்காரர்கள் கைகூப்பும் படங்களை அனுப்பினார்கள். யாரோ ஒருவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று எழுதியிருந்தார். அவள் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். வீரமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சாப்பிடாம என்ன யோசனை?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அத எடுத்துரு."

"எத?"

"ஸ்டேட்டஸ."

அவள் காரணம் கேட்டாள். அவன் சொல்லவில்லை. எடுக்கவும் இல்லை அவள்.

நாலு நாளில் ஒன்பது வண்டிகள் வந்து போயின. கழற்றிய தகடுகளை எல்லாம் பட்டறையின் பின்னறையில் வரிசையாக வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தான். இரண்டு வண்டிகளின் தகடுகள் வெள்ளையாகவே இருந்தன. அவை முதலில் செய்தவை, சாம்பலில் ஆறியவை. மற்ற ஏழு வண்டிகளின் தகடுகளிலும் சிவப்புக் கோடு வந்தது. சிலவற்றில் துளையோரம். பெரும்பாலானவற்றில் அவன் எழுத்திலிருந்து புறப்பட்டு, தலைமுடி கனத்தில், ஓரத்தை நோக்கிப் போயிருந்தது. சூட்டோடு குத்திய எழுத்தின் பள்ளத்தில்தான் தண்ணீர் பட்டதும் இரும்பு முதலில் விட்டுக்கொடுத்திருக்கிறது. பெயர் குத்தாமல் இருந்திருந்தால்கூட இன்னும் சில மாதம் தாங்கியிருக்குமோ என்னவோ.

இதற்கிடையில் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, வண்டியில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டதாகக் குழந்தைவேல் போனில் சொன்னார். சாக்கிள் எங்கே என்று கேட்டாராம். உருண்டதில் உடைந்து எங்கோ விழுந்துவிட்டது என்று இவர் சொன்னாராம். வீரமணி சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொல்லியிருந்தார்.

பத்தாவது வண்டி முத்தமிழுடையது. அவன் மட்டும் வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டும், பார்க்கலாம் அண்ணே, ஓட்டம் இருக்கு அண்ணே என்று தள்ளினான். நாலாவது முறை, உங்க சாமான் கல்லு மாதிரி இருக்கு, நான் ஏன் கழட்டணும் என்று வைத்துவிட்டான். ஐந்தாம் நாள் காலை அவனிடமிருந்தே போன். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் வருகிறேன், இன்றைக்கு மேலே ஒரு காதுகுத்துக்கு ஆள் ஏற்றுகிறேன் என்றான்.

வீரமணி நான்கு கம்பெனி சாக்கிள்களையும் இரண்டு டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான். மலையாளப்பட்டி போய்ச் சேரும்போது பத்தரை மணி. ஜீப் நிற்குமிடத்தில் முத்தமிழின் வண்டி ஏறக்குறைய நிரம்பியிருந்தது. பின் இருக்கையில் சீர்த்தட்டு வைத்துக்கொண்டு நாலு பெண்கள். முன்னால் ஒரு தாயின் மடியில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பெண்குழந்தை ஒன்று ஸ்டியரிங்கைப் பிடிக்க எட்டிக்கொண்டிருந்தது. டீக்கடைப் பெஞ்சில் குழந்தைவேலும் இன்னும் மூன்று டிரைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

வீரமணி பையை இறக்கியதைப் பார்த்ததும் முத்தமிழ் சிரித்துவிட்டான்.

"வூடு தேடியே வந்துட்டியாண்ணே? நல்ல சாமானைக் கழட்டி எடுத்துக்கிட்டு மட்டத்தை மாட்டி வுட்டுட்டுப் போயிரலாம்னு பாக்குறியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கழற்றியதை எல்லாம் கேரளாக்காரனுக்கு விற்கிறான் போலிருக்கிறது என்றார் ஒருவர்.

"அரை மணி நேரம் குடு. மாட்டிட்டுப் போயிர்றேன்" என்றான் வீரமணி.

"சடங்குக்கு நேரமாச்சுண்ணே. முப்பது டன் தாங்குன இரும்புன்னு சொன்னது யாரு? நீதானே? தட்டிக் காட்டுனது யாரு? இப்ப வந்து கழட்டுங்கிற. எதுனா ஒண்ணச் சொல்லு."

முத்தமிழ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். என்ஜின் பிடித்தது. குழந்தை கைதட்டியது. வீரமணி வண்டியின் முன்னால் போய் நின்றான். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அவனுக்கு உடம்பெல்லாம் ஊறல் எடுத்த மாதிரி இருந்தது. இப்போதும் ஏதாவது ஒரு பொய் கிடைக்குமா என்றுதான் மனம் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்கவில்லை.

"பத்து நிமிசம் நிறுத்து. பின்னாடி ஒரு தகட்டுல மருந்து அடிச்சுக் காட்டுறேன். ஒண்ணும் இல்லன்னா நீ போ. நான் இனிமே கேக்கல."

அவன் குரலில் இருந்த எதுவோ முத்தமிழைச் சாவியை அணைக்க வைத்தது.

வீரமணி வண்டிக்கடியில் மல்லாந்து, தின்னர் துணியால் வலது சாக்கிளின் வெளித்தகட்டில் இருந்த கறுப்புப் பெயிண்டைத் துடைத்தான். 'வீ' தெரிந்தது. சிவப்பை அடித்தான். வெளியே வந்து மண்ணில் குந்தி உட்கார்ந்தான். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெண்களில் ஒருத்தி இது என்ன சாயம் என்று கேட்டாள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். முத்தமிழ் இரண்டு முறை போனில் மணி பார்த்தான்.

பிறகு துடைத்தான். சுத்தமாக, இரும்பு நிறம் தெரியும்வரை துடைத்தான். வெள்ளையை அடித்தான். முதலில் ஒன்றும் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெறும் வெள்ளை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முத்தமிழ் வாயைத் திறக்கப் போனபோது எழுத்தின் வாலில் ஒரு புள்ளி சிவந்தது. புள்ளி நூலாயிற்று. நூல் மெல்ல நீண்டு, தகட்டின் பாதி அகலத்தையும் தாண்டிப் போய் நின்றது.

"என்னது அது?" என்றான் முத்தமிழ்.

"விரிசல்."

"எப்ப வந்துச்சு?"

"நான் செஞ்சப்பவே." வீரமணி எழுந்து நின்றான். யாரையும் பார்க்காமல், பெஞ்சின் காலைப் பார்த்துச் சொன்னான்: "பூவரசன் வண்டியிலயும் இதுதான். அவன் மேல தப்பு இல்ல. வளைவுல சாக்கிள் ஒடஞ்சுதான் வண்டி சாஞ்சுது. ஒடஞ்ச துண்டு என்கிட்ட இருக்கு."

குழந்தைவேல் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"உருண்டதுல ஒடஞ்சதுன்னு சொன்னியேடா. அந்த ஆபீசர்கிட்ட நான் அப்படித்தானேடா சொன்னேன்."

அவன் தலையாட்டினான். அடிக்கட்டும் என்றே நின்றான். அவர் அடிக்கவில்லை. யாருமே கிட்டே வரவில்லை. முத்தமிழ் வண்டிக்குள் இருந்தவர்களை இறங்கச் சொன்னான். பெண்கள் சீர்த்தட்டுகளோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாகக் குழந்தையை வாங்கிக் கீழே விட்டவன், அதன் தலையில் கையை வைத்தபடியே வீரமணியைப் பார்த்தான்.

"ஒரு வருசமா இதுலதான் என் புள்ளையக் கொண்டு போயி பள்ளிக்கூடத்துல வுடுறேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான்கு சாக்கிள்களையும் மாற்ற ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை. ஜாக்கியை மட்டும் முத்தமிழ் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். காதுகுத்துக்காரர்கள் வேறொரு வண்டியில் போய்விட்டார்கள். அது வீரமணியின் சாமான் மாட்டாத வண்டிதானா என்று முதலில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். வேலை முடிந்ததும் குழந்தைவேல் வந்து, பெரம்பலூர் போய் ஸ்டேஷனில் சொல்லப் போகிறாயா, நான் கூட வர வேண்டுமா என்று கேட்டார். தானே போவதாகச் சொன்னான். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. பைக்கின் பின்னாலேயே அவருடைய ஸ்கூட்டர் வந்தது.

வீரமணி ஸ்டேஷனுக்கு முன்னால் மருத்துவமனையில் நிறுத்தினான். துண்டைப் போலீசில் கொடுத்துவிட்டால் பூவரசனுக்குக் காட்ட முடியாது. பெட்டியைத் திறந்து பனியன் துணியோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனான். குழந்தைவேல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

ஆர்த்தி ஸ்டூலைத் தள்ளினாள். அவன் உட்காரவில்லை. துணியைப் பிரித்து, இரண்டு துண்டுகளையும் போர்வைமேல் வைத்து, துருவேறிய பாதியைக் காட்டி, நடந்ததைச் சொன்னான். தண்ணீர், சாம்பல், சத்தம், எழுத்து எல்லாவற்றையும் சொன்னான். மூட்டை சரிந்ததற்கும் வண்டி கவிழ்ந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னான். சொல்லச் சொல்ல, பூவரசன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்தில் நீர் வந்தது. ஆர்த்தி அதை முந்தானையால் துடைத்தாள். அப்படியே முடிந்துவிடும் என்று ஒரு கணம் வீரமணி நினைத்தான்.

பூவரசன் கண்ணைத் திறந்து, துண்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்தான். புரட்டிப் பார்த்தான்.

"அன்னைக்கு வந்தீங்களே" என்றான். "நான் உங்க கையப் புடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேனே. அப்ப இது எங்க இருந்துச்சு?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். வீரமணி பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆர்த்தியும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிய" என்றான். "பைக் பெட்டியில."

பூவரசன் துண்டைப் போர்வைமேல் வைத்தான். மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கையை அவன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் வீரமணியைப் பார்க்கவில்லை, ஆர்த்தியிடம்தான் பேசினான்.

"மாடிக்குப் போயி நர்சம்மாகிட்ட இதக் காட்டச் சொல்லு. சத்தம் கேட்டுச்சு, சத்தம் கேட்டுச்சுன்னு அவங்கதான் கரடியாக் கத்துனாங்க. நானே நம்பல."

ஆர்த்தி துண்டுகளைப் பனியன் துணியில் சுற்றப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, துணியைத் தனியாக மடித்து வைத்துவிட்டு, இரும்பை மட்டும் எடுத்து வீரமணி கையில் கொடுத்தாள். பெண்கள் வார்டு மேலே இடதுபக்கம் என்றாள்.

படியேறும்போது எதிரே இறங்கியவர்கள் எல்லோரும் அவன் கையைப் பார்ப்பதாகத் தோன்றியது. சட்டைப் பையில் போட முடியாத கனம். பெண்கள் வார்டுக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி பெண்மணி கையை நீட்டி மறித்தாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். மலர்க்கொடி நர்சை என்றான்.

"கையில என்ன அது, இரும்பு? இதெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாது. யாருது?"

வீரமணி துண்டைத் திருப்பி, எழுத்து இருந்த பக்கம் மேலே வரும்படி பிடித்தான்.

"என்னதுங்க" என்றான். "நான் செஞ்சது."